ஏழாவது பெயர்

3 அக்டோபர் 2024, வியாழன்

இன்று ஒரே கட்டுரையில் நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். எழுதியவர் பெரிய விஞ்ஞானியாம். கடலையே கரைத்துக் குடித்திருக்கிறார். கமா எங்கே போடுவதென்று மட்டும் தெரியவில்லை. ஆண்டு ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். இதழின் பெயர் ஒருமுறை சுருக்கமாக, ஒருமுறை முழுசாக. அதையெல்லாம் இதழ் கேட்கிற ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. ஐந்து வருடமாகக் குலசேகரத்தில் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கட்டுரைகளுக்குக் கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலைத் துடைத்துக் கொடுக்கிறேன்.

நாகர்கோவில் ஆபீசிலிருந்து டீம் லீடர் அனில்குமார் நாலு மெயில். "மேடம், ஸ்டைல் ஷீட் பக்கம் 9 பாருங்க." விதிப் பட்டியலில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம், ஐயா.

4 அக்டோபர்

மழை. காலையில் போன கரண்ட் சாயங்காலம் வந்தது. மேற்கோள் 38-லேயே நிற்கிறேன்.

6 அக்டோபர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பேப்பரைப் பிரித்தேன். பிரிக்காமலே இருந்திருக்கலாம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மீன்கள் பற்றி மூன்று வருடத் திட்டம், ஆய்வு உதவியாளர் தேவை. வயது 35-க்குள். ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். கடைசி நாள் 18.

டிசம்பர் பிறந்தால் எனக்கு 35. இதை விட்டால் வேறு இல்லை.

எம்.பில். படிக்கும்போது பதினாலு மாதம் ராஜாக்கமங்கலம் பொழியில் மடவை மீன் வாங்கி, வயிற்றைக் கீறி, என்ன தின்றிருக்கிறது என்று பார்த்து எழுதினேன். 1460 மீன். "சேர்ந்து கட்டுரையா போடலாம்" என்றார் என் கைடு செல்வதாஸ் சார். அதற்குள் எனக்குக் கல்யாணம். கட்டுரையும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் பிரபின் ரப்பர் ஷீட்டைக் காயப்போட்டபடியே சொன்னார்: "அப்ளிகேஷன் போடு மக்கா. போட்டா என்ன?"

"இல்லாத கட்டுரைக்கு எங்க போவேன்? மரத்தைக் கீறினா பால் வடியும், கட்டுரை வடியுமா?"

பேப்பரை மடித்து அரிசிப் பானைக்கு மூடியாக வைத்துவிட்டேன்.

9 அக்டோபர், புதன்

மேற்கோள் 64. மூன்று முறை வாசித்தேன்.

மடவை மீனின் உணவு, ராஜாக்கமங்கலம் பொழிமுகம், 2016. ஏழு ஆசிரியர்கள். ஏழாவது பெயர் ஜாஸ்மி.

நான்தான்.

கொடுத்திருந்த இணைய முகவரி திறக்கவில்லை. வேறு வழியில் தேடிப் பிடித்துக் கட்டுரையைத் திறந்தேன். 1460 மீன். என் அட்டவணை. ஆடி மாதம் மணல் மேடிட்டுப் பொழி அடைத்துக்கொண்டதால் மீன் கிடைக்காத அந்த இரண்டு வாரமும் அப்படியே காலியாக இருக்கிறது. எட்டு வருஷமா இது உலகத்துல கிடக்கு, எனக்குத் தெரியாது! யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே, என் கர்த்தாவே.

முதல் பெயர் சார். இரண்டாவது அவர் மருமகன். அவனுக்குக் கம்ப்யூட்டர் அல்லவா பாடம்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அப்புறம்தான் பக்கம் 9 ஞாபகம் வந்தது. ஏழு பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் ஆறு பேரை வைத்துக்கொண்டு 'மற்றும் சிலர்' என்று போட வேண்டும்.

வெட்ட வேண்டிய பெயர் என்னுடையது. வெட்ட வேண்டிய கையும்.

10 அக்டோபர்

சாருக்குப் போன் செய்தேன். ரிட்டயர்டு ஆகிவிட்டார்.

"நீ கல்யாணம் கழிஞ்சு போயிட்ட. நம்பரும் மாத்திட்ட. பேரு போட்டேம்லா மோளே? விட்டிருந்தா என்ன செய்திருப்ப?"

"ஒரு மெயில் போட்டிருக்கலாமே சார்."

"இப்ப என்ன, உனக்கு வேலையா கெடச்சிரப் போவுது?"

வைத்துவிட்டேன். பதில் நாக்கு நுனி வரை வந்தது. சார் என்கிற மரியாதை தடுத்தது. அந்த மரியாதைதான் என்னை ஏழாவதாக்கியது.

பிரபினிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "ஏட்டி, அந்தாளுக்க மருமவனுக்கு மடவைக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியுமா?" சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

11 அக்டோபர்

வெட்டவில்லை. ஏழு பெயரோடும் பைலை அனுப்பிவிட்டேன்.

14 அக்டோபர், திங்கள்

திரும்பி வந்துவிட்டது. மேற்கோள் 64, சிவப்புக் கட்டம், 'பிழை'. என் பெயருக்கு அவர்கள் வைத்த பெயர் பிழை.

அனில்குமாரே போன் செய்தார். "மேடம், நீங்க இப்படித் தப்பு விடமாட்டீங்களே?"

"அந்த ஏழாவது பேரு நான்தான் சார்."

"அப்படியா மேடம்? ... சந்தோஷம். ஆனா ரூலு ரூலுதான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் எரிச்சல். ஐந்து வருடத்தில் எத்தனை ஏழாவது பேரை யோசிக்காமல் வெட்டியிருப்பேன்? அதில் எத்தனை பேர் மீன் கீறியவர்கள்?

வெட்டினேன். 'மற்றும் சிலர்' என்று போட்டேன். கையை எடுக்குமுன் அந்தத் திறக்காத முகவரியைப் பார்த்தேன். ஓர் எண் விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். அழுத்தினால் இப்போது நேராகக் கட்டுரை திறக்கிறது, ஏழு பெயரும் தெரிகிறது. ஸ்டைல் ஷீட்டில் இதற்குத் தடை இல்லை. பக்கம் 11.

17 அக்டோபர்

அரிசிப் பானையிலிருந்து பேப்பரை எடுத்து நிமிர்த்தி, விண்ணப்பம் எழுதி மெயிலில் அனுப்பினேன். வெளியீடுகள்: ஒன்று. ஏழு பெயரையும் முழுசாக எழுதினேன். கடைசிப் பெயரைத் தடித்த எழுத்தில். எந்த இதழின் ஒழுங்கும் இல்லை அது.

8 நவம்பர், வெள்ளி

நேர்காணல். மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "ஏழாவது பேருதானே? இதுல உங்க பங்கு என்ன?"

"மீனைக் கீறினது நான். மீதி ஆறு பேரு என்ன செய்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய், ஒரு தட்டில் மடவையும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து வைத்தார். கீறிப் பதினொரு வருடம். கைக்கு மறக்கவில்லை.

25 நவம்பர்

கல்லூரியிலிருந்து வேலை உத்தரவு வந்தது. அனில்குமாருக்குக் கடைசி பைலை அனுப்பினேன். பிழை இல்லை என்று பதில் வந்தது.

2 டிசம்பர், திங்கள்

விடியற்காலை பஸ். ராஜாக்கமங்கலம். பொழி திறந்திருக்கிறது. திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் மாறி உட்கார்ந்தாள். தலைமுடி முழுக்க மீன் நாற்றம். இரண்டு முறை குளித்தும் போகவில்லை.

திட்டப் பதிவேட்டில் இன்றைய முதல் மடவைக்கு எண் 1. அது அவர்கள் ஒழுங்கு, அப்படியே எழுதினேன்.

இங்கே என் ஒழுங்கு. மீன் எண் 1461. நீளம் 23.4 செ.மீ. பெண். வயிறு நிறைந்திருந்தது.