மூன்று பேருக்கு ஒரு லென்ஸ்

மார்ச் 3

ஹாலை மறுபடியும் அளந்தேன். சுவருக்குச் சுவர் மூன்று மீட்டர் பத்து. கேமராவுக்கும் அதன் பின்னால் நிற்கும் ஆளுக்கும் அறுபது சென்டிமீட்டர் விட்டால் மிச்சம் இரண்டரை மீட்டர். நேற்றும் இதே எண்தான் வந்தது. நாளை அளந்தாலும் இதுதான் வரும். பிறகு எதற்கு அளந்தேன்?

அக்கா இருபத்திரண்டாம் தேதி வருகிறாள். அடுத்த மாதம் அவளுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை. அதற்கு முன் நான்கு நாள் இங்கே இருந்துவிட்டுப் போக வேண்டுமாம். போனில் சொன்னாள்: "மூணு பேரும் ஒரே படத்துல இருக்கணும்டா. நீ, நான், அவன். வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் வேண்டாம். உன் பழைய டப்பா கேமராவுலயே எடு. அதுலதான் என் மூஞ்சி மூஞ்சி மாதிரி இருக்கும்."

அவன் என்றால் தம்பி. எங்கள் மாடியில் குடியிருக்கிறான். அவன் ஏறும் படிக்கட்டு எங்கள் வாசலை ஒட்டித்தான். ஒன்பது வருடமாக என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 4

இரண்டரை மீட்டர் தூரத்தில் என்னுடைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் பிடிக்கும் அகலம் ஒரு மீட்டர் எண்பது. மூன்று பேர் தோள் உரச நிற்க வேண்டும். முப்பத்தைந்து என்றால் இரண்டு மீட்டர் ஐம்பத்தேழு. இருபத்தெட்டு என்றால் மூன்று மீட்டர் இருபத்தொன்று. அக்காவை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் ஒரு ஓரத்திலும் நான் ஒரு ஓரத்திலும் நிற்கலாம். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை.

எழுதியதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கணக்கு சரி.

மார்ச் 5

எங்கள் ஊர் போட்டோ ஸ்டுடியோக்காரர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் மனைவி சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறார். என் கேமராவில் திருகக்கூடிய அகலக்கோண லென்ஸ் இரண்டு இருந்தன, ஒரு முப்பத்தைந்தும் ஒரு இருபத்தெட்டும். இரண்டும் என் கல்லூரி நாட்களில் செய்தவை. முப்பத்தைந்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. இருபத்தெட்டு பாட்டில் மூடி அளவுதான். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"ஒரு மணி நேரமா அதையே பாக்குறீங்களே. எங்க வீட்டுக்காரர் என்னைக்கூட இவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்றார் அந்த அம்மா.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க. அம்பது வருஷம் கெடாத சாமான், நாலு நாள்ல அழுகிடவா போகுது?"

ஒரு சிக்கல். என் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் உள்ள சிறு ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த ஜன்னல் ஐம்பதுக்காகச் செய்தது. அகலமான லென்ஸைப் போட்டால் படத்தின் நடுப்பகுதி மட்டுமே அதில் தெரியும், ஓரங்களை ஊகிக்க வேண்டும். அதற்கென்று தனி ஜன்னல் ஒன்று உண்டு, கேமராவின் தலையில் செருகுவது. "அதை எங்க வச்சாரோ தெரியல, அவரோடயே போயிடுச்சு" என்றார்.

மார்ச் 6

முப்பத்தைந்து. முடிவாகிவிட்டது.

மார்ச் 7

முப்பத்தைந்தில் அக்காவின் நாற்காலி, எங்கள் இருவரின் உடம்பு எல்லாம் போனால் இரு பக்கமும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. இருபத்தெட்டுதான்.

மனைவி கேட்டாள்: "போன்ல எடுத்தா ஆகாதா?" அக்காவுக்குப் பிடிக்காது என்றேன். "உங்களுக்கு எது பிடிக்காதுன்னு கேட்டேன்" என்றாள். அவள் விடையைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்பவள்.

மார்ச் 8

மூன்றாம் முறையாக ஸ்டுடியோக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவே இருபத்தெட்டை என் கையில் திணித்தார். "உங்க அக்கா வந்துட்டுப் போற வரைக்கும் வச்சுக்கோங்க. பிடிச்சா வாங்குங்க, இல்லாட்டி கொண்டாந்து குடுங்க. ஆனா ஒண்ணு, ஆளுங்களை நெருக்கி நிக்க வைங்க. ஓரத்துல நிக்கிறவங்க தலை பூசணிக்காய் மாதிரி இழுத்துக்கும். அவர் எப்பவும் கத்துவாரு, 'உள்ள வாங்க, உள்ள வாங்க'ன்னு."

உள்ளே வர வேண்டாம் என்பதற்காகத்தானே இதைத் தேடினேன்.

மார்ச் 9

சோதனை. அளவு நாடா, நோட்டு, பென்சில். பத்துப் படம்.

மார்ச் 10

மாலையில் வாசல் கதவைத் திறந்துவைத்து, நிலைக்கு உள்ளே மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன். எண் 14, மணி 5.10. எண் 15, மணி 5.12. எண் 16, மணி 5.17. கண்ணாடியைக் கழற்றினால்தான் ஜன்னலில் கண் பொருந்துகிறது, நோட்டில் எழுதவும் முடிகிறது. மனைவிக்கு முதுகு வலி வந்துவிட்டது. "அளந்தது போதும், நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள்.

மார்ச் 11

பார்சல் கொண்டுவந்தவர் எங்கள் கதவைத் தட்டினார். "இருபது கிராம் கடைக்காரர் வீடு மாடியா சார்?"

இன்னும் அந்தப் பெயர் போகவில்லை.

எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன், கடைத் தராசுகளைச் சோதிக்கும் அளவைத் துறையில் என் வேலையின் கடைசி வருடத்தில் இருந்தேன். தம்பியின் மளிகைக் கடை இருந்த தெருவில் என் சக ஊழியர்கள் சோதனைக்குப் போனார்கள். அவனுடைய முள் தராசு இருபது கிராம் கூடுதலாகக் காட்டியது. தராசைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அபராதம் போட்டார்கள். தெரு அவனுக்குப் பெயர் வைத்தது. சோதனை வரப்போவதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அவனுக்குக் கோபம். அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அது சட்டம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

யாருக்கும் தெரியாதது வேறு. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அந்த முள் சுழியில் நிற்கவில்லை என்பதை நான் பார்த்தேன். சர்க்கரை வாங்கப் போனபோது. அதிகாரியாகப் போகவில்லை, அண்ணனாகப் போனேன். "டேய், தராசைப் பாரு." மூன்று சொல். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவன் முகம் வாடிவிடுமே என்று கூச்சம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்...

மார்ச் 12

அக்கா வருவதற்கு முன் அவனிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் படத்துக்கே வர மாட்டான். சொல்லாவிட்டால், படத்தில் என் மூஞ்சி எப்படி மூஞ்சியாக இருக்கும்?

மார்ச் 14

கழுவக் கொடுத்த பிலிம் படங்களாக வந்தது. எண் 14: மனைவி நடுவில். இடது ஓரத்தில், கதவுக்கு அப்பால், படிக்கட்டில் ஒரு ஆள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தம்பி. ஒரு கையில் குடை, மறு கையில் காய்கறிப் பை. தலை சற்று இழுபட்டிருக்கிறது, ஆனால் அவன்தான். எங்கள் வாசலைப் பார்த்து நிற்கிறான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலில் அவன் இல்லவே இல்லை.

எண் 15இலும் நிற்கிறான். 16இல் பையைப் படியில் வைத்துவிட்டு நிற்கிறான். என் நோட்டின்படி 5.10 முதல் 5.17. ஏழு நிமிடம்.

மார்ச் 15

மனைவியிடம் காட்டினேன். "நடுவுல புகுந்து படத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு நின்னிருப்பாரு" என்றாள்.

"ஏழு நிமிஷமா?"

"அதான் நீங்க ஏழு நிமிஷம் எடுத்தீங்களே."

அதற்கு மட்டும்தான் நின்றானா? அப்படியானால் 16இல் அவன் ஏன் என்னைப் பார்க்கிறான்?

மார்ச் 16

ஆறு படி ஏறினேன். இறங்கிவிட்டேன்.

மார்ச் 17

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு ஒரு பக்கம். இரண்டாவது அரைப் பக்கம். அலுவலகக் கடிதம் போல இருந்தது. கிழித்தேன். இப்படியா ஒருத்தன் தம்பிகிட்ட பேசுவான்? சீ.

மார்ச் 18

போனேன். கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து பழைய முக்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடித்தான். மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. நின்றபடியே சொன்னேன்: "அந்தத் தராசு தப்பா காட்டுதுன்னு சோதனைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும்."

சுத்தியல் நின்றது.

"தெரியும்" என்றான். "சர்க்கரை வாங்க வந்தே. நீ முள்ளையே பாத்துட்டு நின்னே. நான் உன்னையே பாத்துட்டு நின்னேன்."

"அப்ப ஏண்டா கேக்கல?"

"ஏண்ணே கேக்கணும்? எனக்கே அந்த முள்ளு மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம்னுதான் இருந்தேன். முப்பது வருஷம் இதே வேலை பாத்த அண்ணன் உத்து உத்துப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போறாரு, அப்ப தராசு சுத்தம்னு விட்டுட்டேன்."

முக்காலியைத் திருப்பி வைத்து இன்னொரு ஆணியை எடுத்தான்.

"சோதனை வருதுன்னு நீ சொல்லாததுக்கு எனக்குக் கோபமே இல்லண்ணே. ஊர்தான் அப்படிச் சொல்லுது. கீழ போ. இப்ப எதுவும் பேசாதே."

மார்ச் 19

வேலையில் இருந்தபோது, சரி என்று பார்த்த தராசுக்கெல்லாம் முத்திரை குத்துவேன். பதிவேட்டில் எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன். அவன் தராசுக்குப் பேசாமல் நின்றே குத்தியிருக்கிறேன்.

மார்ச் 20

வருவானா? தம்பி மனைவி என் மனைவியிடம் படிக்கட்டில் சொன்னாளாம்: "பிடி குடுத்தே பேச மாட்டேங்குறாருக்கா. ஆனா சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாரு." அதற்கு என்ன அர்த்தம்? எந்தச் சட்டை? கேட்டிருக்கலாம், அவள் கேட்கவில்லை. லென்ஸைக் கழற்றினேன், மாட்டினேன், துடைத்தேன். மறுபடி கழற்றினேன்.

மார்ச் 22

அக்கா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். குரல் மட்டும் இளைக்கவில்லை.

மார்ச் 24

காலை பத்து மணிக்குப் படம் என்று சொல்லியிருந்தேன். பத்தேகால். மாடியில் சத்தமே இல்லை. அக்கா படிக்கட்டின் அடியில் போய் நின்று கத்தினாள்: "டேய்! நான் ஏறி வந்தா வால்வு உன் வாசல்லயே புட்டுக்கும். பரவாயில்லையா?"

இறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. அவனுக்காக வைத்திருந்த ஓரத்துக்குப் போகவில்லை. அக்காவின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"அன்னிக்கு ஏன் வாயைத் தொறக்கல? அதைச் சொல்லு முதல்ல."

"உன் மனசு கஷ்டப்படும்னு..."

"இப்ப ஒன்பது வருஷமா குளுகுளுன்னு இருக்காக்கும்?"

"சண்டையை நல்லா போடுங்கடா" என்றாள் அக்கா, "ஆனா கேமராவைப் பாத்துப் போடுங்க."

கேமராவுக்குப் பின்னால் நின்ற மனைவி சொன்னாள்: "என்னங்க, இந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளயே மூணு பேரும் அடங்கிட்டீங்களே. லென்ஸு சரிதானா?"

போய்ப் பார்த்தேன். நான் இருந்த இடத்தில் அவளை நிற்கச் சொல்லிவிட்டு ஜன்னலில் கண் வைத்தேன். அடங்கியது, விரல் அளவு மிச்சத்தோடு. இருபத்தெட்டைக் கழற்றி ஐம்பதைத் திருகினேன். அவசரத்தில் இரண்டு முறை மரை தப்பியது. திரும்பி வந்து நின்றபோதும் அவன் நிறுத்தவில்லை. "பார், இப்பவும் லென்ஸை மாத்தப் போயிட்டே! பேசிட்டிருக்கும்போதே!" மனைவி அழுத்திவிட்டாள்.

மார்ச் 26

அக்கா நேற்று கிளம்பினாள். படம் இன்று வந்தது. தம்பி வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். நான் தலையைக் குனிந்திருக்கிறேன். நடுவில் அக்கா மட்டும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன்.

மாலையில் அவன் வந்தான். திட்டியதில் எங்கோ விட்டுவிட்டான் போல, அங்கிருந்து தொடர்ந்தான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்துகொண்டு திட்டினான்.

மார்ச் 27

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்துவிட்டான். "நீ வாய்விட்டுச் சொல்ல மாட்டே, முப்பத்தைஞ்சையும் சேத்து வாங்கிட்டு வந்துடுவே" என்று கூடவே வந்தான்.

அவன் பேசுவதற்குள் நானே பேசினேன். இரண்டும் வேண்டாம், கையில் இருப்பதே போதும் என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். இந்த லென்ஸின் தூர வளையத்தில் ஒரு மீட்டர் என்று போட்டிருக்கும் இடம் என் நாடாவில் ஒரு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். கிட்டத்தில் எண்ணை நம்பி எடுத்தால் படம் மங்கும். ஒன்பதாம் தேதியே பார்த்துவிட்டேன், சொல்லாமல் இருந்தேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"ஐயோ, நல்ல வேளை சொன்னீங்க" என்றார் அந்த அம்மா. "நாளைக்கு இதை வாங்க ஒருத்தர் வர்றாரு. சொல்லியே குடுக்குறேன்."

திரும்பும் வழியில் பாதித் தெரு வரை தம்பி எனக்கு முன்னே நடந்தான். அப்புறம் சொன்னான்: "அந்தம்மாவுக்கு மட்டும் ரெண்டே வாரத்துல சொல்லிட்டே."

"பதினெட்டு நாள்" என்றேன்.