பரணிலிருந்து இறங்கிய ஸ்விட்ச்

செல்வி அப்பாவுக்கு,

உங்களைப் போலவே நம் செல்வியும் நெட்வொர்க்கிங் பரீட்சைக்குப் படிக்கிறாள். பழகிப் பார்க்க, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் ஒன்று வேண்டுமாம். "சத்தம் போடாததா, கம்மி விலையில செகண்ட் ஹேண்ட் ஒண்ணு பாத்துருக்கேம்மா" என்றாள். நான் பரணில் கிடந்த உங்களுடையதை இறக்கினேன்.

லேமிங்டன் ரோட்டுக் கடையில் பேரம் பேசி வாங்கி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களே, அதேதான். நீங்கள் பாஸாகி துபாய் போன பிறகு யாரும் அதைப் போடவில்லை. பதினேழு வருஷம் கழித்தும் மிக்ஸி மாதிரி அதே இரைச்சல். அப்போது அதைக் கேட்டால்தானே இவள் தொட்டிலில் தூங்குவாள். நேற்று மத்தியானமும் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டாள். அணைக்க மனம் வரவில்லை.

அந்தப் பழைய சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆவுடை எட்டிப் பார்த்தாள். "அண்ணன் வந்துட்டாவளா மைனி?"

மிஷின்தான் என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி வரை அதை அணைக்கவில்லை.

அதே தாராவி வீட்டில் இருப்பவள்