குடிலுக்கு அடியில் வடிகால்

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ அங்கே மோட்சத்தில் பாலனோடு சேர்ந்தே கிறிஸ்துமஸ் திருநாள் கொண்டாடுவாய், உனக்கென்ன! இங்கே நான் திருநாள் விரதத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். திட்டாமல் படி.

நீ போன பிறகு நம் தெரு அன்பிய ஜெபக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள் என்று கல்லறையில் வந்து சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? "அந்தம்மா பாத்த வேலையை வீட்டுக்காரரே பாக்கட்டும்" என்றார்கள். வீடு வீடாகக் கூட்டி ஜெபம் சொல்வதுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். இந்த வருஷம் கோயிலில் குடில் கட்டும் முறை நம் தெருவுக்கு வந்தது. கீழத்தெருக்காரர்கள் வாயடைத்து நிற்க வேண்டும் என்று உன் அண்ணன் மகன் ஆரோக்கியம் ஒற்றைக் காலில் நின்றான். மலை, அருவி, பெத்லகேம் ஊர் முழுக்க வேண்டுமாம். இடம் பற்றவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஓடும் வயல் வடிகாலை மண் போட்டுத் தூர்த்து அதன் மேலேயே கட்டினான். அப்போது மழை விட்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அதன்பிறகு கடலில் புயல் சின்னம் என்றார்கள். பிடித்த மழை விடவே இல்லை.

நேற்று மத்தியானம் காளியம்மா வந்தாள். பாலனுக்கு அவள் வீட்டு வைக்கோல்தான் என்று நீ ஏற்படுத்திய வழக்கத்தை அவள் விடவில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவள் கொடுக்கும் வைக்கோல் நமக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னாய் நீ? "மாட்டுக் கொட்டாயில பொறந்த புள்ளைக்கு மாடு வச்சிருக்கறவதான் வைக்கோல் குடுக்கணும்." அப்புறம் யார் வாயைத் திறந்தார்கள்! வைக்கோலைப் பாலிதீன் தாளில் சுற்றி நனையாமல் கொண்டுவந்திருந்தாள். அவள்தான் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"வயல் எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"முங்கிக் கெடக்குண்ணே. கதிர் வர்ற நேரம். நாளைக்கும் வடியலன்னா அழுவிப்போயிடும்."

"ஏன் வடியல?"

அவள் குடிலைத் திரும்பிப் பார்த்தாள். "சாமி காரியம். நான் என்னத்தண்ணே சொல்றது?"

அந்தக் குத்தகை வயலை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

நேரே ஆரோக்கியத்திடம் போனேன். "ரெண்டு நாள் பொறுங்க மாமா. திருநாள் முடியட்டும், நானே வெட்டி விடறேன்" என்றான்.

"பயிர் ரெண்டு நாள் தாங்காதுடா."

"அதுக்காக பாலன் பொறக்கறதுக்கு முந்தியே குடிலை இடிக்கச் சொல்றீங்களா? அத்தை இருந்தா இப்படிச் சொல்வாங்களா?"

உன்னை இழுத்தான் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. மாதாவுக்கு இடமில்லை என்று சொன்ன சத்திரக்காரன் கெட்டவனா என்ன? அவனுக்கும் கூட்டம், அவனுக்கும் ஆயிரம் வேலை. ரெண்டு நாள் கழித்து வாங்கம்மா என்று மரியாதையாகத்தான் சொல்லியிருப்பான். பிள்ளை அதுவரை காத்திருக்குமா? அவனையும் நம்மையும் எதை வைத்துப் பிரித்துச் சொல்வது, ஸ்டெல்லா?

இன்று காலை விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் காளியம்மாவின் வைக்கோலை எடுத்துக் கோயில் தாழ்வாரத்தில் வைத்தேன். பிறகு வெட்டினேன். காக்கித்தாள் மலை சரிந்தது, பெத்லகேம் பாதி சேற்றில் போனது. தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. அந்தச் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆரோக்கியம் ஓடிவந்தான். "மாமா, புள்ளைங்க ராவும் பகலுமா செஞ்சது மாமா!" என்று என் கையைப் பிடித்தான். நான் உதறினேன். "தலைவர் நான்டா! நான் சொல்றதுதான் இங்க!" என்று கோயில் அதிரக் கத்தினேன். அவன் சேற்றில் உட்கார்ந்து மண் ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் துடைத்தான். அழுதான். அவ்வளவு பெரிய ஆள், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், அழுதான்.

செய்தது நியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காளியம்மா மேல் உள்ள அன்பில் வெட்டினேனா, அவன் மேல் உள்ள கோபத்தில் வெட்டினேனா? நான் கத்திய வார்த்தை குழந்தைகளைக் கொன்ற ஏரோது ராஜாவின் அரண்மனையில் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை. நீயாக இருந்தால் நேற்றே எல்லாரையும் டீக்குக் கூப்பிட்டிருப்பாய். காளியம்மாவையும் உட்கார வைத்திருப்பாய். இன்று காலை ஆரோக்கியமே முதல் வெட்டு வெட்டியிருப்பான். எனக்கு அந்த சாமர்த்தியம் இல்லையே! ஏன் என்னை இப்படி விட்டுவிட்டுப் போனாய்?

வயலுக்குப் போய்ப் பார்த்தேன். பயிரின் நுனி வெளியே தெரிகிறது. "பொழைக்குமா?" என்றேன். "வெயில் வந்தாத்தான்ணே தெரியும்" என்றாள் காளியம்மா. வானம் இன்னும் இருட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தெருவில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று ராத்திரிப் பூசையில் பாலன் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பீடத்திலிருந்து குடிலுக்கு நடப்பவர், குடில் கட்டிய அன்பியத்தின் தலைவர். உனக்குத் தெரியாததா? போன முறை நீ தூக்கினாய், காலில் செருப்பில்லாமல். நான் தூக்கப் போவதில்லை. இப்போதே ஆரோக்கியம் வீட்டுக்குக் கிளம்புகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்பேன். வடிகால் விஷயத்தில் இறங்கிப் போக மாட்டேன், ஆனால் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பேன். பாலனை அவன் தூக்கட்டும், நான் பின்னால் வருகிறேன்.

வர மாட்டேன் என்றுவிட்டால்? தெரியவில்லை, ஸ்டெல்லா. வைக்கோல் தாழ்வாரத்தில் காய்ந்தே இருக்கிறது, இனி அதுதான் குடில். உனக்கு ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். ஆரோக்கியம் வந்து சேரும்வரை அதன்மேல் பாலனைக் கிடத்த மாட்டேன்.

உன்னிடம் திட்டு வாங்கியே பழகிப்போன வீட்டுக்காரன்,
சவரிமுத்து