பின்னறை காலியாகிவிட்டது

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். மதியம் பழைய சாமான் கடைக்காரர் வருவார். நாம் துணி மட்டுமே காயப்போட்ட டிரெட்மில்லை ஹாலுக்கு இழுத்து வைத்திருக்கிறேன், தூக்கிப் போகட்டும். காசை வாங்கிக்கொண்டு உடனே கதவைச் சாத்துங்கள். அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். போன தடவை மேசையை விற்கப் போய் இரண்டு நாற்காலியோடு திரும்பியவர் நீங்கள்.

இந்தக் காசோடு கார்டுக் கடன் தீர்ந்தது. கார்டை நாலாக வெட்டிவிட்டேன், தேட வேண்டாம்.

“காலி ரூமை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?” என்று நேற்று கத்தினீர்களே, போய்ப் பாருங்கள். கதவு முழுசாகத் திறக்கிறது.

பி.கு.: உங்கள் கேரம் போர்டை விற்கவில்லை. பின்னறையில் அந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவே போட்டு, பவுடரும் தூவியாச்சு. சாயங்காலம் வருகிறேன். சிவப்புக் காய் எனக்குத்தான்.