தெருவிளக்கா, ஆக்சிஜனா?

மார்ச் 3

"மிஸ், அங்க போகாமலே விண்வெளி மேகத்துல என்ன இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?" எப்போதோ எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். தீயில் உப்பைத் தூவிக் காட்டினேன். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு சொந்த நிறம்.

ஓய்வுபெற்ற பிறகும் அதே வேலைதான். மலைமேல் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆய்வுக்கூடம் அனுப்பும் படங்களில், ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் முப்பத்தாறு வாயு மேகங்களுடைய நிறக் கோடுகளை அளக்கிறேன். ஆறு மாதம் ஆயிற்று. இன்று, ஓரத்து மேகங்கள் ஒன்பதில் மெல்லிய ஊதாக் கோடு. சூடான ஆக்சிஜன்! உடனே அனுப்பிவிட்டேன்.

மார்ச் 4

ஆய்வுக்கூடத்துப் பெண் போனில்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அது மலையடிவாரத்துத் தெருவிளக்கு. பாதரச விளக்கோட கோடும் அங்கதான் விழும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் இல்லன்னா ஒன்பதையும் கணக்குலேருந்து எடுத்துடுவோம்."

தெருவிளக்காம்!

மார்ச் 5

சாயங்காலம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, லைட் போடலாமா? இல்ல, அதுவும் உங்க எதிரியா?"

சிரிப்பு வரவில்லை. ஆக்சிஜன்தான் மேகத்தின் ஜன்னல். வெப்பம் அதன் வழியாகத்தான் வெளியேறும். ஜன்னல் குறைந்தால் அறை சூடாகவே இருக்கும், அந்தச் சூட்டில்தான் ஊதாக் கோடும் தெரியும். ஓரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் மங்கலான மேகத்தில் தெருவெளிச்சமும் எடுபடுமே — என்ன பதில் சொல்வேன்?

மார்ச் 6

அடக் கடவுளே, தப்பு என்னுடையது!

பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று, காலை வணக்கத்துக்குப் பிள்ளைகளை நிறுத்துவதுபோல, ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோட்டை நடுவில் நகர்த்தி வைத்து அனுப்பியிருக்கிறேன். மண்டலம் சுழல்கிறது. நம்மை நோக்கி வரும் பக்கத்தில் கோடு நீலத்தை நோக்கி நகரும். விலகும் பக்கத்தில் சிவப்பை நோக்கி. அந்த நகர்வைத்தான் நானே அழித்துவிட்டேன்.

மூலப் படங்களைத் திறந்தேன். ஐந்து மேகங்களில் கோடு நீலப் பக்கம், நான்கில் சிவப்புப் பக்கம். மேகத்தின் ஹைட்ரஜன் கோடும் கூடவே, அதே விகிதத்தில் நகர்ந்திருந்தது. அனுப்பினேன்.

மார்ச் 7

வெள்ளி. காலையிலேயே போன். "மேடம், தெருவிளக்கு சுத்தாது!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

ஒன்பதும் உள்ளே! மண்டலத்தின் நடுவில் இருப்பதில் கால்வாசி ஆக்சிஜன்தான் ஓரத்தில். அடுத்த மண்டலத்தையும் என்னிடமே தருகிறார்களாம். கணவர் மாடிப்படியில் அடுத்த வீட்டாரிடம், "எங்க வீட்டம்மா தெருவிளக்கை ஜெயிச்சுட்டாங்க" என்கிறார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கைதட்டினார்கள்.

இந்த நோட்டை யாராவது புரட்டினால்: ஒரு சிட்டிகை உப்பை அடுப்புத் தீயில் தூவி, என்ன நிறம் வருகிறது என்று பாருங்கள்.