ரிசெப்டரும் ரிசெப்ஷனும்

கொட்டாஞ்சேனை
8.9.2025

அன்பு மகள் சாமினிக்கு,

அப்பா ஒரு கூத்துப் பண்ணிவிட்டேன். ஏதோ ரிசெப்டர் வெட்டுப் பற்றிய உன் ஆராய்ச்சிக்குப் பரிசு கிடைத்ததற்காக நன்றிப் பூசை கேட்கப் போனேன். "என்ன விஷயத்துக்கு?" என்றார் ஃபாதர். ரிசெப்டர் என்ற சொல் நாக்கில் நிற்கவில்லை. "மகளின் ரிசெப்ஷன்" என்றுவிட்டேன். நேற்று அதையே பீடத்தில் நின்று வாசித்தார்.

பூசை முடிந்ததும் பிறிஜெற் மாமி மறித்தா. "அண்ணே, எங்களுக்குச் சொல்லாமலே கல்யாண ஹோல் புக் பண்ணிட்டீங்களா? மாப்பிள்ளை யாரு?" அம்மா அதிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

நோர்வேயில் நீ எதைத்தான் வெட்டுகிறாய்? என் பத்தாம் வகுப்புக்கு விளங்குகிற மாதிரி எழுது.

அன்புடன்,
அப்பா


பேர்கன்
20.9.2025

அன்பின் அப்பா,

சிரித்ததில் கோப்பியைச் சிந்திவிட்டேன்.

உடம்பில் கலம் என்கிற ஒவ்வொரு செல்லின் வாசலிலும் ஒரு பெல் இருக்கிறது. அதுதான் ரிசெப்டர். இன்சுலின் வந்து அடித்தால்தான் கலம் சீனியை உள்ளே எடுக்கும். கத்தரிக்கோல் மாதிரி ஒரு நொதியம், என்சைம், அந்தப் பெல்லை வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட துண்டு இரத்தத்தில் மிதந்து, வருகிற இன்சுலினை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். உள்ளே செய்தி போகாது. சீனி வெளியிலேயே நிற்கும். நான் வெட்டுவதில்லை அப்பா, வெட்டுவதை நிறுத்தப் பார்க்கிறேன். உங்கள் சீனி வருத்தத்துக்கு நாளைக்கே மருந்து வராது. தொதல், கேக் என்று இனிப்பு எதையும் தொடவேண்டாம்.

இன்னொன்று. ரிசெப்ஷனும் முழுப் பொய்யில்லை. அபிஷன், என்னோடு வேலை செய்பவர், வெள்ளவத்தைக்காரர், சைவ சமயம். நாங்கள் கிறிஸ்தவர் என்று அறிந்ததும் அவருடைய அப்பா நாகேந்திரம் "வேதக்காரப் பிள்ளையோ" என்று கேட்டவர், பிறகு மகனோடு பேச்சே இல்லை. நீங்களும் அவரும் சம்மதிக்காமல் நாங்கள் கல்யாணம் செய்யமாட்டோம். ஒருக்கால் போய்க் கதைப்பீர்களா?

சாமினி


கொட்டாஞ்சேனை
5.10.2025

அன்பு மகள்,

அம்மா கதைக்கத் தொடங்கிவிட்டா. முதல் கேள்வி, "பெடியன் உயரமா?"

நேற்று வெள்ளவத்தைக்குப் போனேன். நாகேந்திரம் ஐயா இருக்கச் சொன்னார். இருவரும் ஃபானைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி கௌரி அம்மா தேத்தண்ணி தந்தா. "சீனி வேண்டாம், வருத்தம்" என்றேன். அப்போதுதான் ஐயா நிமிர்ந்தார். "உங்களுக்கும் இருக்கோ? எவ்வளவு நிக்குது?"

பிறகென்ன, பெல்லையும் கத்தரிக்கோலையும் அவருக்கும் விளக்கினேன். செய்தி உள்ளே போகாமல் வெட்டுகிற கட்டத்தில் அவர் கோப்பையை வைத்தார்.

"அந்தக் கத்தரிக்கோல் நான்தான் எண்டு சொல்ல வந்தனீங்களோ?"

"ஐயோ ஐயா, நான் சீனியைத்தான் சொன்னேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கௌரி, அபிஷனுக்குப் போனைப் போடு. ஓம் எண்டு சொல்லுவம்."

எனக்கும் ஓம்தான், மகள். கோயிலும் வேண்டும், சேர்ச்சும் வேண்டும் என்று அங்கேயே முடித்தாயிற்று.

வாசலில் செருப்பைப் போடும்போது அவரிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமலே வந்துவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்: இடி முழங்கினால் எங்கள் சாமினி தனிய இருக்கமாட்டாள், பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும்.

அப்பா