ஐந்தாவது பொத்தான்

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுஃபியாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அண்ணன் சஜ்ஜாதும் சுகம், அத்தா போன மாதம் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார், ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் டைப் அடித்தே அனுப்புகிறேன். முப்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த கைக்கு இது ஒரு சோலியா.

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகியும் அத்தாவுக்குப் பேச்சு வரவில்லை, இடது கை ஆள்காட்டி விரல் மட்டும்தான் சொன்னபடி கேட்கிறது. போனில் இருக்கிற பேசும் ஆப்பைப் போட்டுப் பார்த்தோம். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று நியூஸ் வாசிக்கிற பெண் மாதிரி அது சொன்னதும் கோபம் வந்து அந்த ஒரு விரலாலேயே போனைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டார். சரி, நீ விட்டுப்போன தொடுதிரை லேப்டாப்பில் நானே ஒரு புரோகிராம் எழுதுவோம் என்று யூடியூபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற கம்பைலர் இலவசமாகவே கிடைக்கிறது, இறக்கிக்கொண்டேன். முதல் நான்கு நாள் எரர்தான், ஒரு அரைப்புள்ளியை விட்டதற்கு நாற்பது வரி திட்டுகிறது. ஐந்தாம் நாள் திரையில் ஒரு ஜன்னல் வந்தது, வந்த வேகத்தில் மறைந்தும் போனது. யாராவது அமுக்கும்வரை காத்திரு என்று அதற்குத் தனியாக எழுத வேண்டுமாம். பொத்தானை வரைந்தால் மட்டும் போதாது, அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் நாம்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும்.

சஜ்ஜாதுக்கு அப்படியே அத்தா குரல் இல்லையா, அவனைப் பேச வைத்துப் பதிந்து நான்கு பெரிய பொத்தான் வைத்தேன். ஒன்றை அமுக்கினால் தண்ணி கொண்டா, இன்னொன்று காலு வலிக்குது, அடுத்தது ஃபேனைக் குறை, நான்காவது வெரசா வா. ஏலக்காய் ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி அமுக்கி விலை ஏற்றியே பழகின விரல், ஒரு தடவையோடு நிற்குமா. தண்ணியை ஆறு தடவை அமுக்கினார், அதுவும் ஆறு தடவை கத்தியது. இங்க யாரும் போட்டிக்கு விலை கேக்கல அத்தா, மெதுவா அமுக்குங்க என்றான் சஜ்ஜாத். அத்தா சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு, நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கீழே இடம் காலியாக இருந்ததால் உன் பெயரைப் போட்டு ஐந்தாவதாக ஒன்று வைத்தேன். உன் கல்யாணத்தில் வந்த பிணக்கில் நீயும் அத்தாவும் பேசி இரண்டு வருஷமாகிறது. அவரா என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், அப்புறம் பேசுறேன் என்று நீ சொன்னாய், நானும் குறுக்கே வரவில்லை. வியாழக்கிழமையிலிருந்து அத்தா அந்தப் பொத்தானைத்தான் அமுக்குகிறார். அதற்கு நான் எதுவும் எழுதவில்லை, அதனால் ஒன்றும் நடப்பதில்லை. அமுக்கிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், மறுபடி அமுக்குகிறார். சுஃபியா என்று சஜ்ஜாதைச் சொல்ல வைக்கலாம்தான். ஆனால் கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டுவிட்டார், எனக்கு வேண்டியது அதற்குப் பதில்.

போடிமெட்டு ஏலக்காய் கால் கிலோ அனுப்பியிருக்கிறேன், டீயில் தட்டிப் போடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும், ஆமீன். ஒன்றை மட்டும் மறக்காதே. அத்தா என்று ஒரே ஒரு வார்த்தை உன் குரலில் பதிந்து அனுப்பு, வேவ் ஃபைலாக அனுப்பு, எம்பி3 இதில் ஓடாது. அவர் எத்தனை தடவை அமுக்கினாலும் அத்தனை தடவையும் சொல்கிற மாதிரி நான் எழுதிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
கமர்நிசா